கெண்டைக்கால்

ஆறு, ஏழு, எட்டு, பத்து. வாய் எண்ணிக்கொண்டிருந்தது. வாய்க்கென்ன, சாவி கொடுத்துவிட்டால் அது பாட்டுக்கு எண்ணும். தமயந்தியின் கண் மட்டும் வாசலைவிட்டு நகரவில்லை. லோகாம்பாள் டீச்சரின் வலது கணுக்கால் அவள் கைக்குள் இருந்தது, முழங்காலை மெல்ல மடக்கி, வலி தொடங்குகிற இடத்தில் நிறுத்தி, பத்து எண்ணி, விட வேண்டும், மறுபடி மடக்க வேண்டும், இப்படி முப்பது தடவை, சீட்டில் அப்படித்தான் எழுதியிருந்தது, சீட்டில் எழுதியிருப்பதைத்தான் செய்ய வேண்டும், அதற்கு மேல் ஒரு விரல்கூட அசையக்கூடாது, பிசியோதெரபி உதவியாளர் பயிற்சியில் முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடமே அதுதான். சேர்ந்து ஒன்பது மாதம் ஆகிறது, இன்னும் மூன்று மாதத்தை ஓட்டிவிட்டால் சான்றிதழ். சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று ஐந்து. பதினொன்றே காலுக்கு மேல்மாடி எலும்பு வார்டிலிருந்து பதினாலாம் கட்டில் குருவையாவைச் சக்கர நாற்காலியில் வைத்து ராசு அண்ணன் தள்ளிக்கொண்டு வருவார். அந்த நாற்காலியின் ஒரு சக்கரம் கிரீச்சென்று கத்தும், லிஃப்டைவிட்டு வெளியே வரும்போதே கேட்டுவிடும். வந்ததும் இவள் குனிந்து வேட்டியைக் கொஞ்சம் ஒதுக்கி அந்த இடது கெண்டைக்காலைப் பார்த்துவிடுவாள். வீங்கியிருக்காது. நேற்று இருந்த சூடு இன்றைக்கு இருக்காது. பார்த்தால் தீர்ந்தது, பத்து நிமிஷத்தில் தீரப்போகிற விஷயத்துக்கு நெஞ்சு ஏன் இப்படிக் கிடந்து அடித்துக்கொள்கிறது. "எட்டுக்கு அப்புறம் என்ன வரும் தமயந்தி?" என்றார் டீச்சர். முப்பத்தைந்து வருஷம் மூன்றாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். "எட்டுலருந்து நேரா பத்துக்குத் தாவிட்டே. வலி ஒண்ணு மிச்சம், எனக்கு லாபந்தான். ஆனாலும் கணக்குன்னா கணக்கு." தமயந்தி சிரித்தாள். சிரிப்பு வருகிறதே என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

நேற்று நடந்தது இவ்வளவுதான். குருவையா பஞ்சுக் குடோனில் சுமை தூக்குகிறவர், அறுபதை நெருங்கும் ஆள், லாரி மேலிருந்து சறுக்கி விழுந்து இடது தொடை எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அவருடைய சீட்டில் மூன்றே வரி. பாதத்தை மேலும் கீழும் அசைக்க வேண்டும், காலை நேராகத் தூக்க வேண்டும், வாக்கரைப் பிடித்து இருபது அடி நடக்க வேண்டும். நடந்தார். இரண்டு மூட்டையை ஒன்றாகத் தூக்கிய மனிதர் இருபது அடிக்கு வியர்த்து வழிந்தார். கட்டிலில் உட்கார வைத்ததும், "தாயி, இந்தக் கெண்டக்காலு ரெண்டு நாளாக் கடுத்துக்கிட்டே கெடக்கு. கம்பி வச்சது மேல, கடுக்குறது கீழ. கொஞ்சம் புடிச்சு விடுறியா?" என்றார். பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பெனிட்டா மேடம் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு தோள்வலிக்காரருக்கு மிஷின் பொருத்திக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் கேட்கிற தூரம். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடுவதற்குள் கை போய்விட்டது. கட்டைவிரல் இரண்டும் கெண்டைக்காலின் நடுவில் பதிந்து, மற்ற விரல்கள் பக்கவாட்டில் அணைத்து, கீழிருந்து மேலே, கீழிருந்து மேலே. சூடாக இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, அது கைக்குத் தெரிந்தது. வலது காலைவிட இது பருத்து, தோல் இழுத்துக் கட்டினதுபோல் பளபளவென்று இருந்ததும் தெரிந்தது. தெரிந்த கை நின்றதா? நிற்கவில்லை. ஐந்து நிமிஷம் இருக்கும், ஏழுகூட இருக்கும். குருவையா கண்ணை மூடிக்கொண்டு, "பெத்த மக புடிச்ச மாதிரி இருக்கு தாயி" என்றார். பக்கத்தில் நின்ற அவர் சம்சாரம் சீனியம்மாள் குனிந்து இவள் விரல் போகிற போக்கையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்தா, அந்த எடந்தான், ஏ ஆத்தா, ஒங் கையில என்னமோ இருக்கு" என்றாள். அதைக் கேட்டு இவளுக்கு மனசு குளிர்ந்துபோனது. அதுதான் வெட்கக்கேடு. அந்த வார்த்தையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள்.

இன்று காலை எட்டரை மணி வகுப்பில் பெனிட்டா மேடம் பலகையில் ஒரு காலை வரைந்தார். மேடத்துக்கு இருபத்தாறு வயது, தமயந்திக்கு முப்பத்து நான்கு, ஆனாலும் அவர் மேடம், இவள் அக்கா. பதினொரு பயிற்சிப் பிள்ளைகள், எல்லாம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு வந்தவை, நடுவில் கல்யாணத்துக்கு வந்த பெரியம்மாபோல இவள். "ஆபரேஷன் ஆகிப் படுத்திருக்கிறவங்களுக்கு ஒரு பக்கம் மட்டும் கெண்டைக்கால்ல வலி, வீக்கம், சூடு இருந்தா கையை வைக்கவே கூடாது" என்றார் மேடம். "உள்ளே ரத்தக் குழாய்ல ரத்தம் உறைஞ்சிருக்கலாம். நாம பிடிச்சு விட்டா அந்தக் கட்டி பிச்சுக்கிட்டு மேல போயி நுரையீரல்ல அடைச்சுக்கும். நல்லாப் பேசிட்டிருப்பாங்க, மூச்சு வாங்கும், விழுவாங்க, அவ்வளவுதான். பார்க்கிறவங்க ஹார்ட் அட்டாக்னு நினைச்சுப்பாங்க." சாக்பீஸால் காலிலிருந்து நெஞ்சுக்கு ஒரு கோடு இழுத்தார். பிள்ளைகள் தலை குனிந்து எழுதின. தமயந்தி எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியம் இல்லை, இரண்டு மாதத்துக்கு முன்பே ஒருமுறை மேடம் இதைச் சொல்லியிருக்கிறார், நோட்டைப் புரட்டினால் இருக்கிறது, அவள் கையெழுத்திலேயே, பச்சை மையில், அடியில் இரண்டு கோடு வேறு. கெண்டைக்கால், சூடு, வீக்கம், வலி, பிடிக்கக் கூடாது, மேடத்திடம் உடனே சொல்ல வேண்டும். திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படி இருக்கும் என்று இத்தனை நாள் சும்மா சொல்லிக்கொண்டிருந்தோம், இன்றைக்குத்தான் தெரிந்தது. வாயைத் திறந்து 'அம்மா' என்று ஒரு சத்தம் போட முடியவில்லை. அப்போதே எழுந்து நின்று சொல்லியிருக்கலாம். மேடம், நேற்று நான், என்று தொடங்கினால் போதும், மிச்சம் தானாக வந்திருக்கும். அதற்குள் வகுப்பு முடிந்துவிட்டது. அப்புறம் ஒத்தடத்துக்கு மெழுகு காய்ச்ச வேண்டியிருந்தது. அப்புறம் கட்டில்களுக்கு விரிப்பு மாற்ற வேண்டியிருந்தது. அப்புறம் டீச்சர் வந்துவிட்டார். சொல்லாமல் இருக்க நினைத்தவளுக்கு வேலைக்கா பஞ்சம்.

ஒன்று, இரண்டு, மூன்று. அறையில் மெழுகு வாடையும் வலித்தைல வாடையும் கலந்து அடித்தது. சுவரில் மாட்டியிருந்த தோள் சக்கரத்தை யாரோ சுற்றிக்கொண்டிருந்தார்கள், அது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை தட்டியது, தட்டுகிற போதெல்லாம் அவளுக்கு வாசலில் ஏதோ வந்ததுபோல் இருந்தது. சரி, சொன்னால் என்ன ஆகும். வைகாசியில் இப்படித்தான் ஒரு கழுத்துவலிக்காரப் பெண் கேட்டாள் என்று தலையைப் பிடித்துவிட்டு மேடத்திடம் மாட்டிக்கொண்டாள். மேடம் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அக்கா, இது வீடு இல்லை. உங்க கை நல்ல கைதான், அதுக்கு இங்க வேலை இல்லை. இன்னொரு தடவை சீட்டுக்கு மேல கை போச்சுன்னா நான் எழுதி அனுப்புற மாதிரி ஆயிடும்" என்றார். எழுதி அனுப்பினால் படிப்பு போயிற்று. படிப்பு போனால் மறுபடி அண்ணன் வீட்டு அடுப்பங்கரை. அண்ணி கெட்டவள் இல்லை, அதுவே பெரிய தொந்தரவு, கெட்டவளாக இருந்தால் திட்டியாவது ஆறலாம். 'உங் கையை நம்பிப் பொழச்சுக்கலாமே தமா' என்று இந்தப் படிப்பைக் கண்டுபிடித்துச் சொன்னதே அவள்தான், சொன்ன அன்றைக்கே தமயந்தியின் பாயை உள்ளறையிலிருந்து எடுத்து நடையில் போட்டுவிட்டாள், பிள்ளைகள் படிக்க இடம் வேண்டுமாம். நியாயம்தான். எல்லாமே நியாயமாகத்தான் இருக்கிறது. இங்கே சான்றிதழ் கிடைத்து, எங்காவது வேலை கிடைத்து, ஆஸ்பத்திரி விடுதியில் ஒரு கட்டில், ஒரு பூட்டு வைத்த அலமாரி, இதை அவள் எத்தனை தடவை மனசுக்குள் பெருக்கித் துடைத்து வைத்திருக்கிறாள். அதைக் கொண்டுபோய் ஏழு நிமிஷத்தில். நாலு, ஐந்து. கேட்டவுடன் ஏன் போகிறது இந்தக் கை. நாய்க்கு எலும்பைக் காட்டினதுபோல, யாராவது கால் வலிக்கிறது என்றால் போதும். சின்ன வயதிலிருந்து அப்படியே பழகிவிட்டது, பெரியவர்கள் காலைப் பிடித்துவிட்டால் நல்ல பிள்ளை, வேறு எதற்கும் அவளை யாரும் நல்ல பிள்ளை என்று சொன்னதாக ஞாபகம் இல்லை. படிப்பில் சுமார், பார்க்கச் சுமார், வந்த இரண்டு வரனும் நின்றுபோயின. கை மட்டும்தான் நல்ல கை.

அப்பா அப்படித்தான் சொல்வார். அப்பா டவுன் பஸ்ஸில் கண்டக்டர், பகலெல்லாம் கம்பியைப் பிடித்து நின்றுவிட்டுச் சாயங்காலம் வந்து காலை நீட்டிப் படுப்பார், ஊரெல்லாம் கூவிக் கூவித் தொண்டை தேய்ந்த மனுஷர், வீட்டில் பேச்சே கிடையாது, 'தமா' என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான், இவள் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு கால்மாட்டில் உட்கார்ந்துவிடுவாள். காக்கித் துணியின் வியர்வை வாடை. கெண்டைக்காலில் புடைத்துச் சுருண்டு கிடக்கும் நரம்புகள், அதில் மட்டும் அழுத்தாதே என்பார். மற்ற இடமெல்லாம் அவள் ராஜ்ஜியம். கண் செருகும்போது, "ஒங் கை வரம் வாங்கின கை" என்பார். அண்ணனுக்கு அவர் அப்படி ஒன்று சொல்லியதில்லை. அப்பா போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. மாரடைப்பு. டாக்டர் சொன்னது, தாளில் எழுதியது, எல்லாரும் கேட்டுத் தலையாட்டியது, மாரடைப்பு. ஆறு, ஏழு. அதற்கு முன்னால் படியிலிருந்து வழுக்கிக் கணுக்கால் எலும்பு விரிசல் விட்டு, மாவுக்கட்டு போட்டு ஒன்றரை மாதம் படுத்திருந்தார். கட்டைப் பிரித்த அன்று கால் சூம்பி இருக்கும் என்று பயந்தால், கெண்டைக்கால் உப்பி இருந்தது, பரவாயில்லை, ரத்தம் ஓடுகிறது என்று அம்மா சந்தோஷப்பட்டாள். மூன்று நாள் தமயந்திதான் பிடித்துவிட்டாள். நன்றாக, ஆசையாக, எண்ணெய் தொட்டு. நாலாம் நாள் காலையில் குளித்துவிட்டு வேலைக்குச் சேர வேண்டும் என்று காக்கிச் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தவர், என்னமோ மூச்சு முட்டுது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர்தான். காலையில் மேடம் சாக்பீஸால் காலிலிருந்து நெஞ்சுக்கு இழுத்த அந்தக் கோடு. பார்க்கிறவர்கள் ஹார்ட் அட்டாக் என்று நினைத்துக்கொள்வார்கள். இல்லை. அப்பாவை விட்டுவிடு. அவருக்குச் சர்க்கரை இருந்தது, பீடி இருந்தது, மாரடைப்பு வருவதற்கு என்ன குறைச்சல். அப்பாவை இதில் இழுக்காதே. கால் உப்பியிருந்தது என்பதுகூட நிஜமா, இல்லை இன்று காலை கேட்டதை வைத்து நீயாக உப்ப வைக்கிறாயா. எண்ணெய் தொட்டது நிஜம். பித்தான் நிஜம். மேலிருந்து மூன்றாவது பித்தான் போட்ட கை அப்படியே நின்றது நிஜம். அம்மாவிடம் கேட்கலாம் என்றால் அம்மாவும் இல்லை, இருந்தாலும் என்னவென்று கேட்பது. அம்மா, அப்பாவை நான்தான், என்றா.

"ஐயோ, விடுடீ!" என்று டீச்சர் அலறினார். தமயந்தி பதறிக் கையைத் தளர்த்தினாள். வலி தொடங்குகிற இடத்தைத் தாண்டி எவ்வளவு தூரம் மடக்கியிருக்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. டீச்சரின் கண்ணோரம் தண்ணீர் திரண்டுவிட்டது. தடுப்புக்கு மேலே பெனிட்டா மேடத்தின் தலை எட்டிப் பார்த்தது. "அக்கா, என்ன?" "ஒண்ணுமில்ல மேடம், கொஞ்சம் கூடிப்போச்சு." "பார்த்துச் செய்யுங்கக்கா." தலை மறைந்தது. ஒன்றுமில்லையாம். அந்த வார்த்தை எவ்வளவு வழவழவென்று வருகிறது. டீச்சர் முழங்காலைத் தடவிக்கொண்டே, "நான் அடிக்காத பிள்ளை இல்லை, எல்லாரோட பாவமும் உன் கை வழியா வருது" என்றார், சிரித்துக்கொண்டேதான் சொன்னார், தமயந்தியால் இந்த முறை சிரிக்க முடியவில்லை. "மன்னிச்சுக்கோங்க டீச்சர்." "மன்னிப்பு இருக்கட்டும், எத்தனை ஆச்சு?" பதினேழோ பதினெட்டோ. "பதினெட்டு" என்றார் டீச்சர். கடிகாரத்தில் பதினொன்று இருபத்திரண்டு. பதினொன்றே கால் எப்போது வந்தது, எப்போது போனது. தாமதமாகத்தான் வருவார்கள், சில நாள் டாக்டர் வந்துவிட்டால் தாமதமாகும், லிஃப்டில் சாப்பாட்டு வண்டி ஏறிக்கொண்டால் தாமதமாகும். இல்லையென்றால் மேலேயே ஏதாவது ஆகியிருக்கும். கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருப்பார்கள். சீனியம்மாள் வராந்தாவில் தரையில் உட்கார்ந்திருப்பாள். நேத்து அந்தப் புள்ள புடிச்சு விட்டதுல நல்லாத் தூங்குனாரே என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள், குறையாக அல்ல, நன்றியாக. தமயந்திக்கு உள்ளங்கை வியர்த்துக் கணுக்கால் வழுக்கியது. பாவாடையில் துடைத்துக்கொண்டாள், பாவாடை இல்லை, வெள்ளைக் கோட்டு.

கிரீச்.

வந்துவிட்டார். அந்தச் சத்தத்தைக் கேட்டு இவ்வளவு சந்தோஷம் அவளுக்கு எப்போதும் வந்ததில்லை, கண்ணுக்குள் சூடாக ஏதோ முட்டியது, கடவுளே, இனி ஜென்மத்துக்கும் சீட்டைத் தாண்ட மாட்டேன். நாற்காலி வாசலைக் கடந்து உள்ளே திரும்பியது. அதில் பாதத்தில் கட்டுப் போட்ட ஒரு பெண் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராசு அண்ணன் நாற்காலியை ஓரமாக நிறுத்திச் சக்கரப் பூட்டைப் போட்டார். "அண்ணே, பதினாலாம் நம்பர் எங்கே?" என்று கேட்டாள், குரல் சாதாரணமாக இருக்க வேண்டும் என்று கேட்டாள். "யாரு, பஞ்சுக் குடோன் பெரியவரா? அவர வீட்டுக்கு அனுப்பிட்டாகளே தங்கச்சி. காலையில ரவுண்ட்ஸ்லயே முடிவு பண்ணிட்டாக, கட்டில் வேணும்னு. பத்து மணிக்கெல்லாம் வேன் வந்துருச்சு, நாந்தான் கொண்டுபோயி ஏத்திவிட்டேன். சாயல்குடிக்கு அங்கிட்டு ஏதோ ஊராம், ரெண்டரை மணி நேரம் ஆகும்னான் டிரைவரு." "கால் எப்படிண்ணே இருந்துச்சு?" "காலு காலாத்தான் இருந்துச்சு" என்று ராசு அண்ணன் சிரித்தார். "அந்தம்மா ஒன்னையத்தான் தேடுச்சு. அந்தப் புள்ளகிட்டச் சொல்லிட்டுப் போகணும்னு ஒரே பாடு. வேன்காரன் விடல." ராசு அண்ணன் போய்விட்டார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று ஒரு மனசு சொன்னது. நினைத்துப் பார், டாக்டர் பார்த்துத்தானே அனுப்பியிருக்கிறார், டாக்டருக்குத் தெரியாததா உனக்குத் தெரிந்துவிட்டது, வயிற்றில் தினமும் ஒரு ஊசி போட்டார்களே, அது ரத்தம் உறையாமல் இருக்கத்தானே, மேடமே சொல்லியிருக்கிறார், பின்னே எப்படி உறையும். இனி அவர் இந்த ஆஸ்பத்திரி ஆள் இல்லை. அந்த ஊரில் என்ன நடந்தாலும் இங்கே யாருக்கும் தெரியப்போவதில்லை. எழுதி அனுப்ப மாட்டார்கள். விடுதிக் கட்டில் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆமாம், அப்படியே விட்டுவிடலாம். பத்தொன்பதாவது தடவை மடக்கினாள். ஒன்று, இரண்டு. டாக்டர் பார்த்தார் சரி, எதைப் பார்த்திருப்பார், தொடையில் தையலைப் பார்த்திருப்பார், எக்ஸ்ரே படத்தைப் பார்த்திருப்பார். வலி இருக்கா பெரியவரே என்று கேட்டிருப்பார். குருவையா இல்லை என்று சொல்லியிருப்பார். வலி இருந்திருந்தால் சொல்லியிருப்பார், தாயி ரெண்டு நாளாக் கடுக்குது என்று இவளிடம் சொன்னதை அவரிடமும் சொல்லியிருப்பார், டாக்டர் வேட்டியை விலக்கிப் பார்த்திருப்பார், ஸ்கேனுக்கு எழுதியிருப்பார். சொல்வதற்கு வலி இல்லாமல் பண்ணிவிட்டது இந்தக் கை. காட்டிக்கொடுக்க இருந்த ஒரே சாட்சியையும் தடவித் தூங்க வைத்துவிட்டது. மூன்று, நான்கு. இப்போது அவர் வேனில் உட்கார்ந்திருப்பார், கால் தொங்கிக்கொண்டிருக்கும், ஒவ்வொரு குழிக்கும் குலுங்கும். பத்து மணிக்குக் கிளம்பியிருந்தால் இன்னும் ஒரு மணி நேரம் வழியில்தான் இருப்பார்.

"டீச்சர், ஒரு நிமிஷம்" என்றாள். கணுக்காலைத் தலையணைமேல் பதமாக வைத்தாள். "இன்னும் பதினொண்ணு பாக்கி" என்றார் டீச்சர். தமயந்தி நடந்தாள். அலமாரியில் சீட்டுகள் கட்டில் நம்பர் வரிசையில் இருந்தன, பதினாலு இன்னும் எடுக்கப்படாமல் இருந்தது, மேல் மூலையில் சீனியம்மாளின் போன் நம்பர். பயிற்சிக்காரர்களின் செல்போனெல்லாம் காலையிலேயே பூட்டி வைத்துவிடுவார்கள். அறைக்கு இருப்பது ஒரே போன், அது பெனிட்டா மேடத்தின் மேஜைமேல், மேடத்தின் கைக்குப் பக்கத்தில். மேடம் அங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். வேறு போன் இருந்திருந்தால் தமயந்தி அதைத்தான் எடுத்திருப்பாள், தன்னை அவ்வளவு பெரிய மனுஷியாக அவள் நினைத்துக்கொள்ளவில்லை. "மேடம், ஒரு போன் பண்ணணும்." "யாருக்குக்கா?" "குருவையா வீட்டுக்கு. பதினாலு." "அவங்க டிஸ்சார்ஜ் ஆயிட்டாங்களே, எதுக்கு?" பதில் சொல்ல நின்றால் கால் திரும்பிவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. நம்பரை அழுத்தினாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்காதே என்று ஒரு மனசு, எடு தாயே என்று இன்னொன்று.

"அலோ, யாரு?" பின்னால் வேன் இரைச்சல், ஏதோ பாட்டுச் சத்தம்.

"அம்மா, நான் தமயந்தி. ஆஸ்பத்திரியில, நடக்கப் பழக்குனேன்ல."

"ஏ ஆத்தா, நீயா! இப்பத்தேன் ஒம் பேச்சு ஓடுது. சொல்லாமக் கொள்ளாம வாரோமேன்னு மனசே கேக்கல போ. இவருக்கு வேன்ல காலத் தொங்கப்போட முடியல, மறுபடி கடுக்குதுன்னாரு. ஏம் மடியில தூக்கிப் போட்டுக்கிட்டேன். நேத்து நீ புடிச்சதப் பாத்து வச்சிருந்தேன்ல, அதே எடத்துல, அதே மாதிரிக் கீழருந்து மேல புடிச்சுக்கிட்டே வாரேன். கண்ணு அசந்துட்டாரு மனுசன்."

"கைய எடுங்க!"

தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. தோள் சக்கரம் சுற்றுகிற சத்தம் நின்றது. பெனிட்டா மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"அம்மா, கால்லருந்து கைய எடுங்க. அவரு தூங்குறாரா, மூச்சு நல்லா இருக்கா?"

"கொறட்ட விடுறாரு. என்னாத்தா, என்ன ஆச்சு, ஏன் இப்படிப் பதறுற?"

"அந்தக் கால இனி யாரும் தொடக்கூடாது. புடிக்கக் கூடாது, நடக்க விடக் கூடாது. உள்ள ரத்தம் கட்டியிருக்கலாம். வழியில எந்தப் பெரிய ஆஸ்பத்திரி வந்தாலும் நிப்பாட்டி, கெண்டக்கால்ல ரத்தம் உறைஞ்சிருக்கான்னு ஸ்கேன் பண்ணிப் பாக்கச் சொல்லுங்க. இப்பவே. வீட்டுக்குப் போகாதீங்க. புடிச்சா அது மேல ஏறி நெஞ்ச அடைச்சிரும்மா."

சீனியம்மாள் மெதுவாகக் கேட்டாள். "நேத்து நீ புடிச்சியே ஆத்தா."

"ஆமாம்மா."

"புடிக்கக் கூடாதுன்னு ஒனக்கு அப்பத் தெரியாதா?"

தெரியாது என்று சொன்னால் போதும். காலையிலிருந்து அவள் சேர்த்து வைத்த பதில் அது ஒன்றுதான். பயிற்சிக்காரி, ஒன்பது மாதம்தான் ஆகிறது, தெரியாமல் செய்துவிட்டாள், யாரும் நம்புவார்கள், சீனியம்மாள்கூட நம்பி ஆறுதல் சொல்லுவாள். பெனிட்டா மேடம் ஒரு முழத் தூரத்தில் நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்" என்றாள் தமயந்தி. "தெரிஞ்சேதாம்மா புடிச்சேன்."

அந்தப் பக்கம் வேன் ஓடிக்கொண்டிருந்தது. சீனியம்மாள் போனைக் காதிலிருந்து எடுக்காமலே, வண்டியை நிறுத்து என்று டிரைவரைப் பார்த்துக் கத்தினாள்.